சுண்டெலிக்குள் எரியும் அடுப்பு: உடல் சூட்டைக் காக்கும் தைராய்டும் பழுப்புக் கொழுப்பும்

கோலாலம்பூர் – பகலில் 32, 33 டிகிரி செல்சியஸ், இரவில் 24 டிகிரி. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய இதே வெப்பம்தான். பிரிக்பீல்ட்ஸ் கடைவீதி அஞ்சடியிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலை மளிகைக் கடைகளின் அரிசி மூட்டைகளுக்கு நடுவிலும் ஓடித் திரியும் சுண்டெலிக்கு இந்த வெப்பம் நன்றாகவே ஒத்துப்போகிறது. உடல் சூட்டைக் காத்துக்கொள்ள அது பெரிதாகச் சிரமப்பட வேண்டியதில்லை.

அதே சுண்டெலியை 22 டிகிரிக்குக் குளிரூட்டிய அறையில் வைத்தால் நிலைமை மாறிவிடுகிறது. சட்டை போட்ட மனிதனுக்கு அந்த அறை சுகமானது. சுண்டெலிக்கோ அது ஓயாத குளிர். உலகின் பெரும்பாலான மருத்துவ ஆய்வுக்கூடங்கள் சுண்டெலிகளை 20 முதல் 22 டிகிரி வரையிலான அறைகளில்தான் வளர்க்கின்றன. அந்தக் குளிரில் அவை எப்படி உயிர் பிழைக்கின்றன என்று தேடியபோதுதான், தைராய்டு சுரப்பியும் பழுப்புக் கொழுப்பும் கைகோத்துச் செய்யும் ஒரு வேலை வெளிச்சத்துக்கு வந்தது.

எலியின் உடம்பைப் பற்றிய செய்தி நமக்கு எதற்கு என்று கேட்கலாம். பிறந்த குழந்தையின் உடல் சூடு, தைராய்டு மாத்திரை சாப்பிடும் தாய்மார்களின் அன்றாட நலம், சமூக ஊடகங்களில் விற்கப்படும் ‘மெலிய வைக்கும்’ மாத்திரைகளின் ஆபத்து ஆகிய மூன்றுக்கும் இந்த ஆய்வுகளோடு நேரடித் தொடர்பு உண்டு.

சிறிய உடம்பு, சீக்கிரம் ஆறும் சூடு

திருவிழா அன்னதானத்தில் அண்டா நிறைய இருக்கும் சாம்பார் வெகுநேரம் சூடாக இருக்கும். அதையே சின்னக் கிண்ணத்தில் ஊற்றினால் சில நிமிடங்களில் ஆறிவிடும். அளவு சிறுக்கச் சிறுக்க, கொள்ளளவோடு ஒப்பிடும்போது வெளிப்பரப்பு கூடுகிறது. சூடு அந்தப் பரப்பின் வழியாகத்தான் வெளியேறுகிறது.

சுண்டெலியின் எடை 20 முதல் 30 கிராம்தான். அதன் உடல் வெப்பமோ மனிதனைப் போலவே 37 டிகிரியை ஒட்டியது. கிண்ணத்துச் சாம்பாரை நாள் முழுவதும் கொதிநிலையில் வைத்திருப்பது போன்ற வேலை அதற்கு. சுற்றுப்புறம் 30 டிகிரி அளவில் இருந்தால் கூடுதல் எரிபொருள் தேவையில்லை. இந்த அளவை ‘வெப்பச் சமநிலை’ என்று சொல்லலாம். 22 டிகிரி அறையிலோ, 30 டிகிரியில் செலவாவதைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை சக்தியை அது எரித்தாக வேண்டும்.

உடம்பு சூட்டை உண்டாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நடுக்கம். தசைகள் வெடவெடவென்று நடுங்கும்போது சூடு பிறக்கிறது. ஆனால் நாள்கணக்கில் நடுங்கிக்கொண்டே இரை தேடுவது கடினம். இரண்டாவது வழி, நடுங்காமலேயே சூடு உண்டாக்குவது. அதற்கென்றே அமைந்த அடுப்புதான் பழுப்புக் கொழுப்பு.

சேமிக்கும் கொழுப்பும் எரிக்கும் கொழுப்பும்

வயிற்றிலும் இடுப்பிலும் சேரும் வெள்ளைக் கொழுப்பு ஒரு சேமிப்புக் கிடங்கு. பழுப்புக் கொழுப்போ அந்தச் சேமிப்பை எரிப்பதற்காக உள்ளது. சுண்டெலிக்கு இது இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே, முதுகுப் பக்கம் ஒரு சிறு பொதியாக அமைந்திருக்கும்.

1551-ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் கோன்ராட் கெஸ்னர், மலையில் வாழும் மார்மோட் என்ற விலங்கில் இதைக் கண்டு, கொழுப்புக்கும் தசைக்கும் இடைப்பட்ட ஒன்றாக விவரித்தார். அது சூடு தரும் உறுப்பு என்று அறிவியலாளர்கள் உறுதிசெய்தது 1960-ஆம் ஆண்டுகளில்தான்.

அதற்குப் பழுப்பு நிறம் தருவது மைட்டோகாண்ட்ரியா. உயிரணுவுக்குள் உணவை எரித்துச் சக்தியாக மாற்றும் நுண்ணிய உலைகள் இவை. இவற்றில் இரும்புச்சத்து கலந்த புரதங்கள் உள்ளன. பழுப்புக் கொழுப்பில் இந்த உலைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் நிறமும் பழுப்பாகிறது.

இவை எப்படி வேலை செய்கின்றன என்பதற்குக் கேமரன் மலையில், ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பாக்கார் அணையை நினைத்துப் பார்க்கலாம். தேக்கிய நீர் குழாய் வழியே இறங்கிச் சுழலிகளைச் சுற்றினால் மின்சாரம் கிடைக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவும் இப்படித்தான். உணவை எரித்துக் கிடைக்கும் சக்தியால் ஒரு சவ்வின் ஒரு பக்கத்தில் ஹைட்ரஜன் அயனிகளைத் தேக்கி வைக்கிறது. அவை ‘சுழலி’ வழியே திரும்பி வரும்போது ஏடிபி என்ற சக்தி நாணயம் உருவாகிறது. நாம் நடப்பதற்கும் பேசுவதற்கும் யோசிப்பதற்கும் செலவழிப்பது இந்த நாணயத்தைத்தான்.

பழுப்புக் கொழுப்பில் மட்டும் யுசிபி1 என்ற ஒரு புரதம் இந்தச் சவ்வில் பக்கவாட்டு மதகு போல நிற்கிறது. மதகு திறந்தால் அயனிகள் சுழலியைச் சுற்றாமல் பாய்ந்துவிடும். ஏடிபி கிடைக்காது. சக்தி முழுவதும் சூடாக வெளிப்படும். கியர் போடாமல் முறுக்கிய மோட்டார் சைக்கிள் நகராமல் சூடேறுவதைப் போன்றது இது. வேறிடத்தில் வீணாகத் தோன்றும் இந்தச் செயல், குளிரில் நிற்கும் சுண்டெலிக்கு உயிர் காக்கும் செயல்.

தைராய்டு எங்கே வருகிறது?

தைராய்டு சாறு உடம்பின் எரிபொருள் செலவைக் கூட்டுகிறது என்பதை 1895-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் அடால்ஃப் மக்னஸ்-லெவி அளந்து காட்டினார். 1914 டிசம்பர் 25-ஆம் நாள் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் தைராக்சின் ஹார்மோனைப் பிரித்தெடுத்தார். 1952-இல் லண்டனில் ஜேக் கிராஸ், ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸ் இருவரும் டி3 என்ற இன்னும் வீரியமான ஹார்மோனைக் கண்டுபிடித்தனர்.

பெயரில் உள்ள எண்கள் அயோடின் அணுக்களைக் குறிப்பவை. தைராக்சினில் நான்கு, அதனால் அது டி4. மற்றதில் மூன்று, அதனால் டி3. கழுத்தில் உள்ள சுரப்பி பெரும்பாலும் டி4-ஐத்தான் வெளியிடுகிறது. அது ஒருவகையில் உறை பிரிக்காத சரக்கு. உறுப்புகள் தங்களுக்குத் தேவையானபோது ஓர் அயோடினைக் கழற்றி, வேலை செய்யும் டி3-ஆக மாற்றிக்கொள்கின்றன.

1983-இல் பாஸ்டனில் ஆய்வு செய்த சில்வாவும் லார்சனும் ஒரு முக்கிய உண்மையை வெளியிட்டனர். குளிர் பட்டதும் எலியின் மூளை நரம்பு வழியே பழுப்புக் கொழுப்புக்கு ஆணை அனுப்புகிறது. நரம்பு நுனியில் நார்அட்ரினலின் சுரக்கிறது. அது ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைத் தொடங்கி வைக்கிறது. கொழுப்பு கரைந்து எரிபொருளாகிறது. கரைந்து வரும் கொழுப்பு அமிலங்களே யுசிபி1 மதகையும் திறக்கின்றன. கூடவே, டையோடினேஸ் 2 என்ற நொதி பன்மடங்கு பெருகி, அங்கேயே டி4-ஐ டி3-ஆக மாற்றுகிறது. அந்த டி3 உயிரணுவின் கருவுக்குள் சென்று இன்னும் அதிக யுசிபி1 புரதத்தைத் தயாரிக்கச் சொல்கிறது.

ஆகவே நரம்பு அடுப்பைப் பற்றவைக்கிறது. தைராய்டு அடுப்பின் அளவைப் பெரிதாக்குகிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சூடு போதாது. தைராய்டு சுரப்பி நீக்கப்பட்ட எலிகள் கடுங்குளிரில் உடல் வெப்பத்தைக் காக்க முடியாமல் இறந்துபோவது இதனால்தான்.

மரபணு நீக்கிய சுண்டெலிகள் சொன்ன பாடம்

எந்தப் பகுதி எந்த வேலையைச் செய்கிறது என்று அறிய, அந்தப் பகுதியை மட்டும் நீக்கிப் பார்ப்பது ஆய்வாளர்களின் வழக்கம். 1997-இல் யுசிபி1 மரபணு இல்லாத சுண்டெலிகள் உருவாக்கப்பட்டன. திடீரெனக் கடுங்குளிரில் வைத்தபோது அவற்றின் உடல் வெப்பம் மளமளவென்று சரிந்தது. சிறிது சிறிதாகக் குளிருக்குப் பழக்கியபோது தாக்குப்பிடித்தன. ஆனால் நடுங்கிக்கொண்டே இருந்தன.

2001-இல் டையோடினேஸ் 2 இல்லாத சுண்டெலிகள் ஆராயப்பட்டன. இவற்றின் இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் இருந்தது. பழுப்புக் கொழுப்பும் இருந்தது. ஆனால் டி4-ஐ அந்த இடத்திலேயே டி3-ஆக மாற்ற வழியில்லை. குளிரில் இவையும் உடல் வெப்பம் குறைந்து, நடுக்கத்தை நம்பியே பிழைத்து, எடையும் இழந்தன. இரத்தத்தில் ஹார்மோன் இருந்தால் மட்டும் போதாது, உரிய இடத்தில் அது வேலைக்கு வர வேண்டும் என்பதை இந்த ஆய்வு காட்டியது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. யுசிபி1 இல்லாத சுண்டெலிகள் கொழுக்கும் என்று பலரும் எதிர்பார்த்தனர். குளிரூட்டிய ஆய்வுக்கூடத்தில் அவை கொழுக்கவில்லை. 2009-இல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் அவற்றை 30 டிகிரியில் வளர்த்துப் பார்த்தபோது கொழுத்தன. முந்தைய முடிவை மறைத்து வைத்திருந்தது அறையின் குளிர்தான். சுண்டெலி ஆய்வுச் செய்தி எதைப் படித்தாலும் அந்த எலி எத்தனை டிகிரியில் வளர்ந்தது என்று கேட்க வேண்டியதன் காரணம் இதுவே. 22 டிகிரி எலியின் உடம்பில் நடப்பது கோலாலம்பூர் வெயிலில் வாழும் உடம்பிலும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பழுப்புக் கொழுப்பு மட்டுமே காரணமா?

தைராய்டு கூடினால் உடம்பு சூடாகிறது. பழுப்புக் கொழுப்பும் சூடு தருகிறது. எனவே தைராய்டின் சூடு முழுவதும் பழுப்புக் கொழுப்பிலிருந்தே வருகிறது என்று முடிவுகட்டுவது எளிது. 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த எண்ணத்துக்கு வலுவூட்டியது. எலியின் மூளையில் ஹைபோதலாமஸ் பகுதியில் மட்டும் டி3 செலுத்தியபோதே, நரம்பு வழியாகப் பழுப்புக் கொழுப்பு விழித்துக்கொண்டது.

ஆனால் 2019-இல் கதை திரும்பியது. ஸ்டாக்ஹோமிலும் ஜெர்மனியின் லூபெக் நகரிலும் இரு குழுக்கள் யுசிபி1 இல்லாத சுண்டெலிகளுக்குத் தைராய்டு ஹார்மோன் கொடுத்துப் பார்த்தன. அடுப்பே இல்லாத அந்த எலிகளிலும் எரிபொருள் செலவும் உடல் வெப்பமும் சாதாரண எலிகளைப் போலவே கூடின. அப்படியானால் அந்தச் சூடு உடம்பின் மற்ற பகுதிகளிலிருந்து வர வேண்டும். உடல் எந்த வெப்பத்தில் நிற்க வேண்டும் என்று மூளை வைத்திருக்கும் அளவையே தைராய்டு ஹார்மோன் உயர்த்துகிறது, காய்ச்சலில் நடப்பதைப் போல, என்பது ஸ்டாக்ஹோம் குழுவின் விளக்கம்.

வால் கூட இதில் பங்கு வகிக்கிறது. முடியில்லாத வால்தான் சுண்டெலியின் வெப்பம் வெளியேறும் வழி. குளிரில் அங்குள்ள இரத்தக் குழாய்கள் சுருங்க வேண்டும். தைராய்டு ஹார்மோனை ஏற்கும் ஒரு புரதத்தில் பழுதுள்ள சுண்டெலிகளுக்கு அந்தக் குழாய்கள் சரியாகச் சுருங்குவதில்லை என்று 2013-இல் தெரியவந்தது. வால் வழியே சூடு கசிய, அதை ஈடுகட்டப் பழுப்புக் கொழுப்பு கூடுதலாக உழைத்தது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஹீட்டரைக் கூட்டியது போலாயிற்று.

சுருங்கச் சொன்னால், குளிரைச் சமாளிக்கப் பழுப்புக் கொழுப்புக்குத் தைராய்டு தேவை. ஆனால் தைராய்டுக்குச் சூடு உண்டாக்கப் பழுப்புக் கொழுப்பு மட்டுமே வழியன்று.

மனிதர்களிடம்

பழுப்புக் கொழுப்பு குழந்தைகளிடம் மட்டுமே உண்டு, வளர்ந்தால் மறைந்துவிடும் என்று நெடுநாள் நம்பப்பட்டது. 2009-இல் வெளியான மூன்று ஆய்வுகள் அதை மாற்றின. பெட் ஸ்கேன் படங்களில் பெரியவர்களின் கழுத்திலும் காறை எலும்புக்கு மேலும் இது தென்பட்டது. பாஸ்டன் ஆய்வொன்றில் பெண்களில் 7.5 விழுக்காட்டினரிடமும் ஆண்களில் 3.1 விழுக்காட்டினரிடமும் அது காணப்பட்டது. குளிர்காலத்தில் எடுத்த படங்களிலும் இளையோரிடமும் அதிகம் தெரிந்தது.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஓர் ஆய்வு 2014-இல் நெதர்லாந்தில் நடந்தது. அங்கு வாழும் தெற்காசிய வம்சாவளி இளைஞர்களிடம், அதே வயது ஐரோப்பிய இளைஞர்களைவிடப் பழுப்புக் கொழுப்பின் அளவு குறைவாக இருந்தது. ஆய்வில் பங்கேற்றோர் எண்ணிக்கை சிறியது. ஆகவே நீரிழிவு நோய் நம்மிடையே அதிகமாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. உணவு, உடலுழைப்பு, பரம்பரை எனக் காரணங்கள் பல. எனினும் இது மேலும் ஆராயப்பட வேண்டிய கேள்விதான்.

பிறந்த குழந்தையும் தொப்புள்கொடி இரத்தமும்

பிறந்த குழந்தையின் நிலை சுண்டெலியின் நிலையை ஒத்தது. உடம்பு சிறியது. நன்றாக நடுங்கிச் சூடு உண்டாக்கவும் தெரியாது. தாயின் வயிற்றிலிருந்து ஈர உடம்போடு குளிரூட்டிய பிரசவ அறைக்கு வரும் அந்தக் கணத்தில், தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் சிறுநீரகங்களைச் சுற்றிலும் உள்ள பழுப்புக் கொழுப்புதான் காக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு இது போதிய அளவு சேர்ந்திருப்பதில்லை. குழந்தையை உடனே துடைத்து, தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பிறவியிலேயே தைராய்டு சுரக்காத குழந்தைகளும் உண்டு. உலக அளவில் ஏறக்குறைய 2,000 முதல் 4,000 குழந்தைகளுக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது. மலேசிய அரசு மருத்துவமனைகளில் பிறந்த உடனேயே தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி சோதனையோடு தைராய்டு சோதனையும் செய்வது இதைக் கண்டுபிடிக்கத்தான். முதல் இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டைத் தவிர்க்கலாம். ‘மறுபடியும் இரத்தம் எடுக்க வேண்டும், குழந்தையைக் கொண்டு வாருங்கள்’ என்று மருத்துவமனை அழைத்தால், பதினாறாம் நாள், முப்பதாம் நாள் சடங்கெல்லாம் முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. நீண்டு நிற்கும் மஞ்சள் காமாலை, பால் குடிப்பதில் சுணக்கம், ஓயாத தூக்கம், மலச்சிக்கல், தொட்டால் குளிர்ந்திருக்கும் தோல் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

‘குளிர்ச்சி உடம்பு’ என்று விட்டுவிட வேண்டாம்

நம் வீடுகளில் ‘சூட்டு உடம்பு’, ‘குளிர்ச்சி உடம்பு’ என்று சொல்வது வழக்கம். மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி என்பது உணவைப் பற்றிய நம் மரபுக் கணக்கு. தைராய்டு தரும் சூடும் குளிரும் வேறு. அவற்றை உணவை மாற்றிச் சரிசெய்ய முடியாது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் புழுக்கத்திலும் மற்றவர்கள் விசிறிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு மட்டும் போர்வை தேவைப்பட்டால், கூடவே சோர்வு, எடை கூடுதல், வறண்ட தோல், மலச்சிக்கல் இருந்தால், தைராய்டு குறைவாகச் சுரக்கலாம். ஏசி அறையிலும் வியர்த்துக்கொட்டி, நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கி, நெஞ்சு படபடத்து, கை நடுங்கினால் அதிகமாகச் சுரக்கலாம். இரண்டையும் ஓர் இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கான கட்டணம் ஒரு ரிங்கிட்தான்.

குறைவாகச் சுரப்பவர்களுக்கு மருத்துவர் தரும் லெவோதைராக்சின் மாத்திரை டி4 ஹார்மோனே. எலிகளில் கண்ட அதே முறையில் நம் உறுப்புகளும் அதை டி3-ஆக மாற்றிக்கொள்கின்றன. காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே பசியாற வேண்டும். காப்பியோடு விழுங்கினால் உடம்பில் சேரும் மருந்தின் அளவு குறைந்துவிடும். சோயா பாலுக்கும் அதே குணம் உண்டு. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளி எடுப்பது நல்லது.

மெலிவதற்கு இது வழியல்ல

தைராய்டு ஹார்மோன் சக்தியை எரிக்கும் என்றால் அதைச் சாப்பிட்டே மெலியலாமே என்ற எண்ணம் புதிதல்ல. ஆனால் ஹார்மோன் கொழுப்பை மட்டும் தேடிப்பிடித்து எரிப்பதில்லை. தசையும் கரைகிறது, எலும்பு மெலிகிறது, இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. உடல் எடையைக் குறைக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை அமெரிக்காவில் இம்மருந்தின் விளக்கக் குறிப்பிலேயே அச்சாகியிருக்கிறது.

இதைவிடக் கொடிய பாடம் 1930-ஆம் ஆண்டுகளில் கிடைத்தது. டைநைட்ரோபீனால் என்ற இரசாயனம் அமெரிக்காவில் மெலிய வைக்கும் மருந்தாக விற்கப்பட்டது. அதுவும் யுசிபி1 செய்வதையே செய்கிறது, மதகைத் திறந்துவிடுகிறது. ஆனால் பழுப்புக் கொழுப்பில் மட்டுமல்ல, உடம்பின் எல்லா உயிரணுக்களிலும். குளிர் நீங்கியதும் மூடிக்கொள்ளும் மதகு சுண்டெலிக்கு உண்டு. இந்த இரசாயனத்துக்கு மூடி கிடையாது. சாப்பிட்டவர்களில் சிலர் உடல் கொதித்து இறந்தனர். சிலருக்குக் கண்புரை வந்தது. 1938-இல் அது தடைசெய்யப்பட்டது. இன்றும் இணையத்தில் அது திருட்டுத்தனமாக விற்கப்படுகிறது.

மலேசியாவிலும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், சிபுட்ராமின் போன்ற தடைசெய்யப்பட்ட மருந்து கலந்த மெலிவூட்டும் பொருள்களைப் பற்றிப் பலமுறை எச்சரித்துள்ளது. எந்த மாத்திரையை வாங்கினாலும் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் உள்ளதா என்று பார்க்க வேண்டும். தோழி சாப்பிட்டாள், எனக்கும் வேண்டும் என்று ஒருவரின் தைராய்டு மாத்திரையை இன்னொருவர் எடுப்பதும் ஆபத்து.

சுண்டெலியின் உடம்பில் நரம்பு, சுரப்பி, கொழுப்பு, வால் என ஒவ்வொன்றும் அளவோடு வேலை செய்துதான் 37 டிகிரி காக்கப்படுகிறது. ஒன்றை மட்டும் வலிந்து கூட்டினால் மற்றவை தாறுமாறாகும் என்பதையே நாற்பது ஆண்டுக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. தைராய்டு பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்கில் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், உடம்பு தேறிவிட்டது என்று தாங்களாக நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும் நாளில் மறுபரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.